எள்ளலும் அன்பும்: ஒரு நகைச்சுவை அரங்கின் வரலாறு

தோற்றுவாய்

மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்த தொல்காப்பியர் அவற்றுள் நகையை முதற்கண் வைத்தார். அந்நகை பிறக்கும் களன்கள் நான்கினைக் கூறி, அவற்றுள் எள்ளலுக்கு முதலிடம் தந்தார். பேதைமையையும் அந்நான்கினுள் ஒன்றாகச் சேர்த்தார். எள்ளலுக்கு விளக்கம் கூறப் புகுந்த உரையாசிரியர் பேராசிரியர், தான் பிறரை எள்ளுவதால் வரும் நகையோடு நின்றுவிடவில்லை. பிறர் தன்னை எள்ளியபோது தனக்குத் தோன்றும் நகையையும் அதனுள் அடக்கினார். இரண்டாவது நகை அரிது. எள்ளப்பட்டவன் சினங்கொள்வதே உலகியற்கை. அவனும் உடன் நகைக்க வேண்டுமாயின், எள்ளியவனிடம் ஏதோவொரு பரிவு இருந்திருத்தல் வேண்டும்.

இந்நுட்பத்துக்குச் சான்றாக நிற்பது அமெரிக்க நாட்டில் தோன்றிய ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. ‘மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000’ என்பது அதன் பெயர். மர்ம அறிவியல் அரங்கம் எனத் தமிழில் சொல்லலாம். பழைய, மட்டமான திரைப்படம் ஒன்றை முழுமையாக ஓடவிட்டு, அதைப் பார்ப்போர் கேலி செய்துகொண்டே போவதுதான் நிகழ்ச்சி. கேட்பதற்கு எளிய விளையாட்டாகத் தோன்றும். ஆயினும் அதன் சுவைஞர்கள் அதன்மேல் கொண்ட பற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. நின்றுபோன நிகழ்ச்சியைத் தம் கைப்பொருளிட்டு மீட்டெடுக்கும் அளவுக்கு வளர்ந்தது. கவிதையைக் கேட்பதும், அதன் குறையைச் சொல்வதும், அடுத்த கூட்டத்தில் மீண்டும் கூடுவதுமாகப் பத்தாண்டு கண்ட நம் வட்டத்துக்கு அவ்வரலாற்றில் கற்றுக்கொள்ள ஏதோ உண்டு என்னும் எண்ணத்தால் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முன்னோர்

இவ்வரங்கம் வெறுமையிலிருந்து தோன்றியதன்று. 1950களிலும் 1960களிலும் அமெரிக்காவில் சிறு முதலீட்டில் எடுக்கப்பட்ட திகிற்படங்களும் விண்வெளிப் படங்களும் பல. திறந்தவெளி வாகன அரங்குகளுக்காகச் சில நாட்களில் எடுத்து முடிக்கப்பட்ட அவை, பின்னர்த் தொலைக்காட்சி நிலையங்களுக்குக் குறைந்த விலையில் வந்து சேர்ந்தன. நள்ளிரவில் அவற்றை ஒளிபரப்பிய நிலையங்கள், படத்தை அறிமுகம் செய்ய வேடமணிந்த ஒருவரை அமர்த்தின. 1954இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வாம்பைரா என்ற பெயரில் தோன்றிய நடிகை இவ்வகையில் முன்னோடி. 1981இல் எல்வைரா அவ்வழியில் வந்தார். இவர்கள் படத்தின் இடைவேளைகளில் வந்து நையாண்டி பேசிப் போவர்.

1966இல் உட்டி ஆலன், ஜப்பானிய ஒற்றர் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் உரையாடலை முழுதும் நீக்கித் தன் வேடிக்கை உரையாடலை ஏற்றி வெளியிட்டார். 1980இல் ஹாரி மெட்வெட், மைக்கேல் மெட்வெட் என்னும் உடன்பிறந்தார் இருவர், மிக மோசமான படங்களுக்கு விருது வழங்குவதாகப் பாவித்து ஒரு நூல் எழுதினர். எட் உட் என்னும் இயக்குநரின் பெயர் பரவியதற்கு அந்நூல் ஒரு காரணம். மோசமான படத்தைப் பார்த்து மகிழ்வது ஒரு சுவையாகவே உருப்பெற்றுக்கொண்டிருந்த காலம் அது. எனினும், படம் ஓடும்போதே பார்ப்போனின் குரலையும் உருவையும் திரைமேல் ஏற்றிவைத்து, அதனையே ஒரு கலைவடிவமாக்கும் எண்ணம் தொலைக்காட்சியில் நிலைபெற்றது மினியாபொலிஸ் நகரில்தான்.

பிறந்த இடம்

மினசோட்டா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றை ஒட்டி மினியாபொலிஸ், செயின்ட் பால் என இரட்டை நகரங்கள் உள்ளன. குளிர் மிகுந்த நிலம். அங்கே கேடிஎம்ஏ என்னும் சிறு தொலைக்காட்சி நிலையம் 23ஆம் அலைவரிசையில் இயங்கிவந்தது. நிலையத்தின் தயாரிப்புப் பணிகளைக் கவனித்தவர் ஜிம் மாலன். அங்கேயே பணியாற்றியவர் கெவின் மர்ஃபி. நிலையத்திடம் பணம் குறைவு. பழைய படங்கள் நிறைய இருந்தன.

ஜோயல் ஹாட்க்சன் இளமையில் செப்பிடுவித்தை பழகியவர். விந்தையான பொருள்களைத் தம் கையாலேயே செய்து, அவற்றை மேடையில் காட்டிச் சிரிக்கவைப்பது அவர் பாணி. 1980களின் தொடக்கத்தில் டேவிட் லெட்டர்மன் நிகழ்ச்சியிலும் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியிலும் தோன்றிப் பெயர் பெற்றார். ஆயினும் லாஸ் ஏஞ்சலிஸ் வாழ்க்கையை விட்டு மினசோட்டாவுக்குத் திரும்பிவிட்டார். சட்டை அச்சிடும் தொழிற்கூடத்தில் வேலை பார்த்தார். கழித்துப்போட்ட பொருள்களைக் கொண்டு எந்திரப் பொம்மைகள் செய்து விற்றார். மாலன் அவரிடம் நிகழ்ச்சி ஒன்று கேட்டபோது, இப்பொம்மைகளே அவருக்குக் கைகொடுத்தன.

விண்கலத்தில் தனித்திருக்கும் மனிதன், அவனுக்குத் துணையாகச் சில எந்திரங்கள் என்னும் கருத்து 1972இல் வந்த ‘சைலன்ட் ரன்னிங்’ படத்திலிருந்து அவருக்குக் கிடைத்தது. திரையின் அடியில் பார்வையாளரின் நிழலுருவைக் காட்டும் எண்ணம் எல்டன் ஜானின் இசைத்தட்டு உறை ஒன்றிலிருந்த சித்திரத்திலிருந்து வந்ததாக அவரே கூறியிருக்கிறார். இவ்விரண்டும் சேர்ந்தபோது அரங்கம் பிறந்தது. டிரேஸ் பொலியூ, இருபது வயது நிரம்பாத ஜாஷ் வைன்ஸ்டைன் ஆகிய இரு நகைச்சுவையாளர்கள் உடன் சேர்ந்தனர். 1988 நவம்பர் 24, நன்றியறிதல் நாளன்று, முதல் நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று.

அரங்கின் அமைப்பு

கதை சிறிது. ஓர் ஆய்வுக்கூடத்தின் துப்புரவுப் பணியாளனைத் தீய விஞ்ஞானிகள் விண்ணில் எறிந்துவிட்டு, மோசமான படங்களை அனுப்பி அவன் மனம் எந்த அளவு தாங்கும் என்று சோதிக்கிறார்கள். தனிமை பொறாத அவன் கலத்தின் உறுப்புகளைக் கழற்றி எந்திரத் தோழர்களைப் படைத்துக்கொள்கிறான். அவர்களோடு அமர்ந்து படத்தைக் கேலி செய்வதே அவன் அறிவு பிறழாமல் இருப்பதற்கு வழி.

அத்தோழர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். குரோ என்னும் எந்திரத்தின் அலகு, பௌலிங் ஆட்டத்தில் உருட்டிச் சாய்க்கும் பிளாஸ்டிக் குற்றியை இரண்டாக வகிர்ந்து செய்யப்பட்டது, கண்கள் மேசைப்பந்துகள். டாம் சர்வோவின் தலை, மிட்டாய் உருண்டைகள் போட்டுவைக்கும் குடுவை. ஜிப்சிக்கு ஒற்றைக் கண். அது ஒரு கைவிளக்கு. கடையில் வாங்கக்கூடிய பொருள்களின் இணைப்பே இவை என்பதை யாரும் மறைக்க முயலவில்லை. படங்களில் வந்த ரப்பர்ப் பூதங்களுக்கும் அட்டை விண்கலங்களுக்கும் இவை உறவினர் போலவே இருந்தன. ஏழ்மையில் பிறந்த படத்தை ஏழ்மையில் பிறந்த நிகழ்ச்சி கேலி செய்தது. எள்ளுவோனும் எள்ளப்படுவோனும் ஒரே திண்ணையில் அமர்ந்திருந்தார்கள் என்பதை மறவாதிருப்பது நலம்.

திரையின் அடிப்புறத்தில் திரையரங்க இருக்கைகளின் வரிசை நிழலாகத் தெரியும். வலப்புறம் மூவர் உருவங்கள். அவர்கள் படத்தை நோக்கி அமர்ந்திருப்பதால் நாம் அவர்தம் முதுகையே காண்கிறோம். அதாவது, நாமும் அவர்களுக்குப் பின்வரிசையில் அமர்ந்திருப்பதாகவே அமைப்பு. நம் நாட்டுத் தோற்பாவைக் கூத்தில் பாவையின் நிழல் கதையைச் சொல்கிறது. இங்கோ நிழல் கதையைக் கேட்டு மறுமொழி சொல்கிறது. தனியே அறையில் அமர்ந்து பார்த்த ஒருவனுக்கும் மூவர் துணை கிடைத்தது. சுவைஞர்கள் தம் நினைவுகளைப் பகிரும்போது பெரும்பாலும் முதலில் சொல்வது இதுதான்: உறக்கம் வராத இரவிலும், நோயுற்றுக் கிடந்த நாளிலும், ஊர் புதிதாக இருந்த காலத்திலும் அந்நிழல்கள் நண்பர் குழாமாக இருந்தன.

கேடிஎம்ஏயில் ஓடிய 21 நிகழ்ச்சிகளில் பேச்சு பெரும்பாலும் முன்தயாரிப்பின்றி அவ்வப்போது தோன்றியபடி பேசப்பட்டது. பிறகு எழுத்தாளர் குழு அமைந்தது. மைக் நெல்சன் தலைமை எழுத்தாளரானார். ஃபிராங்க் கானிஃப், மேரி ஜோ பெல், பால் சாப்ளின், பிரிட்ஜெட் ஜோன்ஸ் நெல்சன் முதலியோர் உடனிருந்தனர். ஒரே படத்தைப் பலமுறை ஓடவிட்டு, நிறுத்தி, திருப்பி, நூற்றுக்கணக்கான வரிகளை எழுதிச் செதுக்கினர். உரையாடலுக்கு இடையிலுள்ள மௌனத்தின் அளவறிந்து சொல்லைப் பொருத்த வேண்டும். ஓர் அசை மிகுந்தாலும் அடுத்த வசனத்தில் மோதிக் கெடும். யாப்பறிந்தோர்க்கு இவ்வுழைப்பின் இயல்பை விரித்துரைக்க வேண்டியதில்லை.

குறிப்பால் உணர்த்துவதில் அவர்கள் தயங்கவில்லை. செவ்விலக்கியம், பழைய விளம்பரம், மறந்துபோன பாடகர், மினசோட்டாவின் உள்ளூர்ச் செய்தி எனப் பலவும் ஒரு நொடியில் வந்து போகும். யாருக்குப் புரியும் என்று தாங்கள் கேட்பதில்லை, புரியவேண்டியவருக்குப் புரியும் என்பதே தங்கள் எண்ணம் என ஹாட்க்சன் கூறியதுண்டு. இருபது குறிப்புகளில் ஐந்தே விளங்கியவனும் சிரித்தான்; ஆண்டுகள் கழித்து ஒரு நூலைப் படிக்கையில் ஆறாவது விளங்கி மீண்டும் சிரித்தான். பழைய நகை புதிதாவதற்கு இப்படியும் ஒரு வழி உண்டு.

சுவைஞர் வட்டம்

தொடக்கத்தில் இந்நிகழ்ச்சியை யார் பார்க்கிறார்கள் என்பதே நிலையத்துக்குத் தெரியவில்லை. ஒரு தொலைபேசி எண்ணைத் திரையில் காட்டி, பதிவுக்கருவியில் கருத்தைச் சொல்லும்படி கேட்டார்கள். அழைப்புகள் வந்தன. படத்தின் நடுவே ஏன் பேசுகிறீர்கள் என்று கடிந்தவரும் உண்டு; நிறுத்திவிடாதீர்கள் என்று வேண்டியவரும் உண்டு. அக்குரல்களில் சிலவற்றை நிகழ்ச்சியிலேயே ஒலிக்கச் செய்தனர். அப்போது பார்வையாளரும் அரங்கத்தின் உறுப்பினராயினர். சுவைஞர் மன்றம் அமைந்தது. செய்தி மடல்கள் அஞ்சலில் சென்றன.

1989இல் கேடிஎம்ஏ நிலையம் நொடித்துப்போயிற்று. ஆனால் அவ்வாண்டு நவம்பரில் தொடங்கிய ‘காமெடி சேனல்’ என்னும் கேபிள் அலைவரிசை இவ்வரங்கத்தை ஏற்றுக்கொண்டது. அவ்வலைவரிசை 1991இல் மற்றொன்றோடு இணைந்து ‘காமெடி சென்ட்ரல்’ ஆயிற்று. நாடெங்கும் கேபிள் இணைப்பு ஒரே சீராக இல்லாத காலம் அது. ஓர் ஊரில் தெரியும் அலைவரிசை பக்கத்து ஊரில் தெரியாது. எனவே தெரிந்த ஊர்க்காரர் ஒளிநாடாவில் பதிவு செய்து தெரியாத ஊர்க்காரருக்கு அனுப்பினர். தயாரிப்பாளர்கள் இதைக் குற்றமாகக் கருதவில்லை. நாடாக்களைக் கைமாற்றிக்கொண்டே இருங்கள் என்று நிகழ்ச்சியின் இறுதிப் பெயர்ப்பட்டியலிலேயே வேண்டுகோள் விடுத்தனர். தன் ஆக்கத்தைப் படியெடுத்துப் பரப்புமாறு ஆக்கியோனே கேட்பது வணிகத் தொலைக்காட்சியில் அரிய செயல்.

ஏடுகள் நம்மிடம் எவ்வாறு பிழைத்தன? படியெடுத்தோர் இருந்ததால் பிழைத்தன. அந்நாடாக்களும் அவ்வாறே. படியிலிருந்து படியெடுக்க, உருவம் மங்கும், நிறம் கரையும், ஒலி இரையும். உறையின் முதுகில் கையால் எழுதிய பெயர். நடுவே அவ்வூர் விளம்பரங்கள். பிற்காலத்தில் தெளிவான வட்டுகள் வந்த பிறகும், அந்த மங்கிய நாடாக்களைக் கைவிட மனமில்லாத சுவைஞர் பலர். நாடாவை அனுப்பிய நண்பரின் நினைவும் அதனோடு ஒட்டியிருந்தது என்பதே காரணம்.

1991இன் நன்றியறிதல் நாளில் காமெடி சென்ட்ரல் இந்நிகழ்ச்சியை 30 மணி நேரம் தொடர்ந்து ஒளிபரப்பியது. அந்நாளில் வான்கோழி சமைப்பது அமெரிக்க வழக்கம். மோசமான படத்துக்கும் அவர்கள் பேச்சுவழக்கில் வான்கோழி என்றே பெயர். ‘வான்கோழி நாள்’ இவ்வாறு இரட்டுறப் பொருந்தி ஆண்டுதோறும் நிகழும் விழாவாயிற்று. உறவினர் கூடிய வீட்டில், சமையலறை மணத்தோடு, தந்தையும் பிள்ளைகளும் சேர்ந்து பார்த்த நினைவு பலருக்கு உண்டு. 1994லும் 1996லும் மினியாபொலிஸ் நகரில் சுவைஞர் மாநாடுகள் நடந்தன. கடிதத்தால் மட்டும் அறிந்த முகங்களை நேரில் கண்ட இடம் அது.

1993 அக்டோபரில் ஹாட்க்சன் விடைபெற்றார். ‘மிட்செல்’ என்னும் படத்தைக் கேலி செய்த அந்நிகழ்ச்சியில், விஞ்ஞானிகளின் பேச்சைத் தவறாக விளங்கிக்கொண்ட ஜிப்சி, அவர் உயிருக்கு ஆபத்து என அஞ்சி, தப்பிக்கும் கலத்தில் அவரைப் பூமிக்கு அனுப்பிவிடுகிறது. மைக் நெல்சன் அவரிடத்துக்கு வந்தார். யார் சிறந்தவர் என்று சுவைஞர் நெடுங்காலம் வாதிட்டனர். ஜோயலிடம் உறக்கம் கலையாத தமையனின் மென்மை, மைக்கிடம் கூர்மை. அவ்வாண்டின் பணிக்காக இந்நிகழ்ச்சிக்குப் பீபடி விருது கிடைத்தது.

மேனோஸ் என்னும் படம்

இவ்வரங்கத்தின் வரலாற்றில் தனித்துச் சொல்லத்தக்க படம் ‘மேனோஸ்: விதியின் கைகள்’. மேனோஸ் என்னும் ஸ்பானியச் சொல்லுக்கே கைகள் என்பதுதான் பொருள். ஆகவே தலைப்பிலேயே கூறியது கூறல். டெக்சஸ் மாநிலத்து எல் பாசோ நகரில் உரம் விற்ற ஹெரால்ட் வாரன் என்பவர், திகிற்படம் எடுப்பது கடினமன்று எனத் திரைக்கதை ஆசிரியர் ஸ்டெர்லிங் சிலிஃபன்டிடம் பந்தயம் கட்டி, 1966இல் ஏறக்குறைய 19,000 டாலர் செலவில் இதனை எடுத்தார். சாவி கொடுத்து ஓட்டும் 16 மில்லிமீட்டர் கருவி; ஒரு முறைக்கு 32 நொடிக்கு மேல் ஓடாது. ஒலிப்பதிவு உடனில்லை, சிலரே பின்னர் எல்லார்க்கும் குரல் கொடுத்தனர்.

தலைவன் வேடமேற்ற டாம் நேமன் படத்தின் கலை வேலைகளையும் செய்தார். அவர் மனைவி ஆடை தைத்தார். அவர்கள் வீட்டு நாயும் நடித்தது. மகள் ஜாக்கி குழந்தை வேடத்தில் தோன்றினாள். பிறர்க்கு இலாபத்தில் பங்கு என்பது வாக்கு; குழந்தைக்கு ஒரு மிதிவண்டியும் நாய்க்கு ஒரு மூட்டை தீனியுமே கைக்கு வந்த ஊதியம் என்பர். 1966 நவம்பரில் எல் பாசோவில் முதற்காட்சி. ஊரார் முன்னிலையில் படம் ஓடியது, அவையோர் சிரித்தனர். திரையில் தன் வாயிலிருந்து வேறொருத்தியின் குரல் வரக் கேட்ட குழந்தை அழுதாள்.

அத்துடன் படம் மறைந்தது. கால் நூற்றாண்டுக்குப் பின், நிகழ்ச்சிக்குப் படம் தேடித் தரும் பொறுப்பிலிருந்த ஃபிராங்க் கானிஃப், வந்து குவிந்த நாடாக்களில் அதனைக் கண்டெடுத்தார். 1993 ஜனவரி 30இல் அது ஒளிபரப்பாயிற்று. படத்தை அனுப்பிய விஞ்ஞானிகளே கதைக்குள் மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு அது கொடியது. சுவைஞர் அதனைத் தலைமேற் கொண்டனர். நாடகமாயிற்று, பொம்மலாட்டமாயிற்று. 2011இல் பென் சொலோவே என்னும் ஒளிப்பதிவாளர், பழைய படச்சுருள்களிடையே அப்படத்தின் மூலப்படியைக் கண்டு, சுவைஞர்களின் நன்கொடையால் அதனைத் தூய்மை செய்தார். 2015இல் அது வட்டாக வெளிவந்தது.

முதற்காட்சியில் அழுத குழந்தை வளர்ந்து, ஓவியராகி, அப்படத்தில் தன் குடும்பம் பட்ட பாட்டை நூலாக எழுதினார். சுவைஞர் கூட்டங்களில் மகிழ்ச்சியோடு கலந்துகொண்டார். எல் பாசோ அவையின் சிரிப்பு அவரை அழவைத்தது. மினசோட்டாவின் சிரிப்போ அவருடைய தந்தையின் கைவேலையை உலகத்துக்குக் காட்டித் தந்தது. பேராசிரியர் சொன்ன இரண்டாவது நகை இதுவே. இரு சிரிப்புக்கும் பொருள் ஒன்றுதான். இடையில் நின்றது பரிவு.

எதிர்க்குரல்

மறுபக்கத்தையும் கூறுவதே நடுவுநிலை. எழுத்தாளர் கர்ட் வானகட்டைக் கெவின் மர்ஃபி சந்தித்துத் தம் தொழிலைச் சொன்னபோது, அவர் அதனை மெச்சவில்லை. எவ்வளவு மோசமாக முடிந்தாலும் முயன்ற கலைஞனுக்கு மதிப்பு உண்டு என்பது அவர் கருத்து. மர்ஃபியே இதனைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இக்குரலைத் தள்ளிவிட இயலாது. படங்கள் நிகழ்ச்சியின் நேரத்துக்கேற்ப வெட்டப்பட்டன. வெட்டினால் விளங்காமற்போன கதையையும் சேர்த்தே சிரித்த இடங்கள் உண்டு. ஒரு நடிகரின் உடற்பருமனைத் திரும்பத் திரும்பக் கேலி செய்த வரிகளை இன்று கேட்கும்போது நகை தோன்றுவதில்லை. எள்ளல் எளிதில் இழிவாகும். எல்லை மிக மெல்லியது.

ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. இகழ்வோன் பாதியில் எழுந்து போய்விடுவான். இவர்கள் எழுந்து போகவில்லை. கதையின்படி அவர்கள் கைதிகள். உண்மையிலோ அப்படத்தைப் பலமுறை, வேறெவரும் பாராத அளவு உற்றுப் பார்த்த எழுத்தாளர்கள். எங்கே ஒலிவாங்கியின் நிழல் விழுகிறது, எங்கே அதே மரம் இரண்டாம் முறை வருகிறது, எந்தத் துணை நடிகர் மட்டும் உண்மையாக நடிக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவ்வாறு உற்றுப் பார்த்ததன் விளைவாக எத்தனையோ சிறுமுதலீட்டுப் படங்களின் பெயரும், உழைத்தோர் பெயரும் நினைவில் நின்றன.

முடிவும் மீட்சியும்

1996இல் ‘திஸ் ஐலண்ட் எர்த்’ என்னும் 1955ஆம் ஆண்டுப் படத்தைக் கேலி செய்து அரங்கம் திரைப்படமாகவும் வந்தது. அவ்வாண்டே காமெடி சென்ட்ரல் நிகழ்ச்சியைக் கைவிட்டது. சுவைஞர்கள் கடிதம் எழுதிக் கிளர்ச்சி செய்தனர். 1997இல் ‘சை-ஃபை’ அலைவரிசை ஏற்றுக்கொண்டது. மூன்று பருவங்கள் நடந்தன. 1999 ஆகஸ்ட் 8இல் இறுதிக் கதை ஒளிபரப்பாயிற்று. மைக்கும் எந்திரங்களும் பூமிக்கு வந்து வாடகை வீட்டில் குடியேறித் தொலைக்காட்சியைப் போடுகிறார்கள். ஓடுவது ‘தி கிராலிங் ஐ’. 1989இல் தேசிய அலைவரிசையின் முதல் பருவத்தில் முதல் நிகழ்ச்சியாக எடுத்துக்கொண்ட அதே படம். சிறை நீங்கிய பிறகு, கட்டாயம் ஏதுமின்றி, அவர்களே விரும்பி அமர்ந்து பார்க்கிறார்கள். நாடு முழுதும் கண்ட பத்துப் பருவங்களும் உள்ளூர் நிலையத்தின் 21 நிகழ்ச்சிகளும் சேர்ந்து 197 நிகழ்ச்சிகள் அத்துடன் நிறைவெய்தின.

அரங்கத்தார் கலைந்தும் தொழிலை விடவில்லை. நெல்சன் 2006இல் தொடங்கிய ‘ரிஃப்டிராக்ஸ்’ அமைப்பில் கெவின் மர்ஃபியும் பில் கார்பெட்டும் சேர்ந்தனர். ஹாட்க்சன் 2007இல் ‘சினமேட்டிக் டைட்டானிக்’ என்னும் குழுவை அமைத்தார். 2015 நவம்பரில் அவர் பழைய அரங்கத்தையே மீட்கப் பொதுமக்களிடம் பொருள் வேண்டினார். 48,270 பேர் சேர்ந்து 57 லட்சத்து 64 ஆயிரம் டாலர் அளித்தனர். அத்தொகையால் 2017 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸ் வழியே 14 புதிய நிகழ்ச்சிகளும், தொடர்ந்து 2018இல் நெட்ஃபிளிக்ஸ் ஆதரவில் 6 நிகழ்ச்சிகளும் வந்தன. 2021இல் மீண்டும் பொருள் திரட்டி, 2022இல் மேலும் 13 நிகழ்ச்சிகள் தந்தனர். 2023இல் செய்த முயற்சி இலக்கை எட்டவில்லை. அன்புக்கும் கைப்பொருளுக்கும் அளவு உண்டல்லவா!

2016இல் நிகழ்ந்த ஒன்றை இங்கே குறிக்கவேண்டும். 1988இன் நன்றியறிதல் நாளில் ஒளிபரப்பான முதல் இரண்டு நிகழ்ச்சிகளின் நாடா சுவைஞர் எவரிடமும் இல்லை. அழிந்தன என்றே கருதப்பட்டன. அவற்றின் மூலநாடாக்கள் கிடைத்து, சரியாக 28 ஆண்டுகளுக்குப் பின் அதே விழாக்காலத்தில், பொருளுதவியோருக்கு வழங்கப்பட்டன. பார்த்தோர் கண்டது தடுமாறும் பேச்சும், நீண்ட மௌனங்களும், செம்மைப்படாத பொம்மைகளுமே. நகைச்சுவை என்று சொல்லத்தக்கது சிறிதளவே இருந்தது. பிறர் படத்தில் குறை கண்டு வளர்ந்த அரங்கத்தின் முதல் முயற்சியும் குறையுடையதே என்பதைச் சுவைஞர்கள் சிரித்துக்கொண்டே ஏற்றனர். அதனைப் புதையலாகவும் போற்றினர்.

நிறைவுரை

நம் வட்டத்துக்கும் ஒரு தொடக்கம் இருந்தது. அக்கூட்டங்களில் வாசித்த கவிதைகளை இன்று எடுத்துப் பார்த்தால் நமக்கே நகை தோன்றலாம். தோன்றட்டும். நகைத்துவிட்டு அத்தாளைக் கிழித்தெறியாமல் மீண்டும் மடித்துக் கோப்பில் வைப்போமாயின், அந்நகை குற்றமுடையதன்று.

ஒருவர் தம் கவிதையைப் படிக்கும்போது நாம் சொல்லும் கேலி எப்படிப்பட்டது என அறிய, மேற்கண்ட வரலாறு ஓர் அளவுகோலைத் தருகிறது. கவிதை முழுவதையும் கேட்ட பிறகு பேசுகிறோமா? பலமுறை படித்து, அதன் நல்ல அடி எது என்றும் அறிந்து பேசுகிறோமா? எழுதியவருக்கு அருகில் அமர்ந்து பேசுகிறோமா? அடுத்த மாதமும் அவர் வந்து படிக்கும்படியாகப் பேசுகிறோமா? ஆம் எனில், நம் எள்ளல் தொல்காப்பியர் நகைக்கு முதலாக வைத்த எள்ளலே. எழுதியவரும் உடன் நகைப்பார். இல்லையெனில், அது எல் பாசோ அவையின் சிரிப்பு; அவையில் எங்கோ ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கும்.

பத்தாண்டு என்பது அவ்வரங்கத்துக்குப் பத்துப் பருவம். முதல் நாடாவின் தடுமாற்றத்தையும் போற்றிக் காத்த சுவைஞரைப்போல, நம் முதல் ஏடுகளையும் காப்போம்; படியெடுத்துக் கைமாற்றுவோம்; கூடியிருந்து கேட்போம்.